அசையாமல் உட்காரும் வேலை

என் வாலுவுக்கு, அப்பா எழுதுவது.

முதுகு வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் இங்கே நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் நல்லாத்தான்ப்பா இருக்கேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாய், அதனால் என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், கால் வீக்கம் வடிந்ததா என்று தனித்தனியாக எழுது, நலமா இல்லையா என்பதை நான் பார்த்து முடிவு செய்துகொள்கிறேன். போனில் பேசாமல் இவர் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீடு ஒரே அறை, இந்த மூலையில் தும்மினால் அந்த மூலையில் இருக்கிறவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவை வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றி எப்படிப் பேசுவது. இப்போது அவள் வெளியே போயிருக்கிறாள். எங்கே என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், பொறுமையாகப் படி. மற்றபடி எல்லாம் அப்படியே. குளியலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை, வீட்டுக்காரர் ஆள் அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வாடகை வாங்க மட்டும் தானே நேரில் வருகிறார். நம் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிற தபால்காரர் கண்ணாடி போட்டுவிட்டார், போட்ட அன்றே கிட்டாரைப் பார்த்து இவ்வளவு அழுக்கையா கட்டிப்பிடிச்சிக்கிட்டு இருந்தேன் என்று கேட்டார். உன் கட்டிலில் இப்போது என் டிரம்மும் ஒலிபெருக்கியும் படுத்திருக்கின்றன, நீ வந்தால் எழுப்பிவிடுகிறோம்.

அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெரிய உருளை இயந்திரம் ஒன்று வந்துவிட்டது. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தேய்த்து மடித்துத் தள்ளுகிறதாம். இஸ்திரி போடுகிற பெண்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள், மீதிப் பேருக்கு அரை நாள் வேலை, அம்மா அந்த மீதியில் இருக்கிறாள். நிர்வாகி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, இனிமே உங்களுக்கெல்லாம் ஓய்வு நேரம் நிறையக் கிடைக்கும் என்று சொன்னாராம். பட்டினி கிடக்கவும் நேரம் கிடைக்கும்னு சேர்த்துச் சொல்லுங்க சார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே. அன்று வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் ஒரு பாட்டு கட்டினாள். சுருக்கம் எடுக்கவா பொறந்தோம், எங்க நெத்திச் சுருக்கத்த எடுப்பாரு யாரு என்று தொடங்கும். வழக்கமான நம்ம பாட்டுதான், கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு இன்றைக்கு நடப்பதை இன்றைக்கே பாடுகிற நாட்டுப்பாட்டு, ஆனால் இதில் ஒரு நிதானம் இருக்கிறது, இஸ்திரிப் பெட்டி துணி மேல் போகிற வேகம். நான் வழக்கம்போல் வேகமாக அடித்து ஓடினேன், அவள் வழக்கம்போல் என்னைத் திட்டினாள். பின்பாட்டுக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. நிறுத்தப்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக முடிவானது, அங்கே அம்மா இதைப் பாட வேண்டும் என்று அவர்களே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அரை நாள் கூலியில் முழு மாதம் ஓடாது. ஓபரா அரங்கத்தில் மாலை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல அம்மா போய்க் கேட்டாள். பெருக்கித் துடைக்கிற வேலை என்று நினைத்துப் போனவளிடம் உட்காருகிற வேலை என்றிருக்கிறார்கள். கேலி செய்கிறார்கள் என்று முதலில் நினைத்தாளாம். ஓபரா தெரியுமல்லவா, பேச வேண்டியதையெல்லாம் பாடியே தீர்க்கிற நாடகம். ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டி இருக்கை எடுத்து வைத்திருக்கிற பெரிய மனிதர்களுக்கு வயதாகிவிட்டது, ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுநடுவே காலி இருக்கை தெரிந்தால் மேடையில் பாடுகிறவர்களுக்கு மனம் விட்டுப் போகிறதாம், நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு அடுத்தது நாமோ என்று தோன்றுகிறதாம். கணவன் மனைவியாக வந்தவர்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் பக்கத்து இருக்கையைப் பார்க்கப் பயந்து வருவதையே நிறுத்திவிடுகிறார். அதனால் அரங்கமே ஆள் பிடித்து, நல்ல உடுப்பு மாட்டி, அந்த இடங்களில் உட்கார வைக்கிறது. இருமக் கூடாது, திரும்பக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கை தட்டினால் தட்ட வேண்டும், பேசினால் புன்னகைக்கலாம், பதில் பேசக் கூடாது. வாழ்நாள் முழுக்க நின்னு தேய்ச்சவளுக்கு உட்கார்றதுக்குக் கூலி கொடுக்கறான் பாருங்க, உலகம் திருந்திடுச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

முதல் சில நாள் வீட்டில் ஒரே கூத்து. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கதாநாயகி சாவதை நடித்துக் காட்டுவாள். சாகப்போறேன் சாகப்போறேன்னு அவ பாடுற நேரத்துல ஆம்புலன்ஸ் வந்து, சேர்த்து, வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க என்பாள். தையல்காரம்மா சிரித்துச் சிரித்து விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். அதுவும் சங்கீதம்தானே, மரியாதையாப் பேசு என்று தபால்காரர் சொன்னதற்கு, சங்கீதம்தான் அண்ணே, யாரு இல்லேன்னா, ஆனா அதுல வர்ற ஒருத்தருக்கும் காலைல எழுந்து வேலைக்குப் போகணுங்கற கவலையே இல்லையே, அப்புறம் எதுக்கு அப்படிக் கத்துறாங்க என்றாள். அவர் கிட்டாருக்குச் சுருதி கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவுக்குக் கொடுத்த இடம் மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில். சாம்பல் நிறக் கோட்டு, கையுறை, கழுத்துக்கு ஒரு துணி. இதெல்லாம் அரங்கத்தின் உடுப்பு என்றுதான் அவள் நினைத்தாள். இருக்கைகளுக்கு ஆள் போடுகிற பெண் மேலாளருக்கு அம்மா வைத்த பெயர் இருக்கைக்காரி, அந்த இருக்கைக்காரிதான் பிறகு சொன்னது, அது அந்தப் பெரியவரின் இறந்துபோன மனைவியுடைய கோட்டு, அவரே கொண்டுவந்து கொடுத்தது, சலவைகூடச் செய்ய வேண்டாம் என்று சொன்னாராம். இரண்டாவது வாரம் அவர் இவள் பக்கம் திரும்பாமலே, குளிரலையே குருவி என்று கேட்டிருக்கிறார். குருவி என்பது அந்த அம்மாளை அவர் கூப்பிட்ட பெயர். விதிப்படி இவள் புன்னகைத்திருக்கிறாள். மறுமுறை, மாடிப்படி விளக்கை மாத்திட்டேன் குருவி, இனிமே நீ தடுக்கி விழமாட்டே என்றாராம். இதைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். அப்புறம் ஒருநாள், நேத்து ஏன் மருந்து சாப்பிடலை என்று கேட்டாராம். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பதை என்னிடம் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். நாடகம் இல்லாத நாட்களிலும் மாலையானால் அம்மா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். முதுகு நேராக, கை இரண்டும் மடியில். தூக்கம் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தேன், கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் மெல்லத் திரும்பிப் புன்னகைப்பாள். அந்தப் புன்னகையை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை, கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிப்பாரே, அதைவிடவும் நல்ல சிரிப்பு, அதனால்தான் பயமாக இருந்தது. இருமல் அவளுக்கு நீராவியில் நின்று வந்த பழைய நோய், அது நின்றுபோனது. நல்லதுதானே என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், இருமல் வரும்போது தொண்டை ஏறி இறங்கி அவள் அதை விழுங்குவதைப் பார்க்கும்வரை. ஒத்திகையில் என் டிரம் தறிகெட்டு ஓடியது, அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை, நீங்கள் பாடுங்கள், கேட்கிறேன் என்று அச்சடித்த மாதிரி பேசினாள். தையல்காரம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, என்னடி, யாரு வீட்டுச் சீமாட்டி நீ என்று கேட்டாள். அதற்கும் அந்தப் புன்னகைதான். ஒருநாள் நம் படிக்கட்டில் இறங்கும்போது மூன்றாவது படியை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போனாள். ஏன் என்று கேட்டேன், அது சத்தம் போடும், அவர் எழுந்துவிடுவார் என்றாள். நம் படிக்கட்டு சிமெண்டு என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் தன் வீட்டு மரப்படியைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார், அது இவள் காலில் ஏறிக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் இருக்கைக்காரி வீட்டுக்கே வந்தாள். நல்ல உடை, மெல்லிய குரல், நம் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பெரியவருக்கு உங்க மனைவியை ரொம்பப் பிடிச்சிருக்கு, இந்தப் பருவம் முழுக்க தினமும் வரணும்னு ஒப்பந்தம் போடச் சொல்றார், சலவைக்கூட வேலையை விட்டுடலாம் என்றாள். இரண்டே நிபந்தனை. வெளியே எங்கேயும் பாடக் கூடாது, குரல் கரகரத்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது, தினமும் நாடகத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் அங்கிருந்தே அவரோடு காரில் வர வேண்டும், கோட்டு இனி அங்கேதான் இருக்கும். பேசவே கூடாதுன்னீங்க, அப்புறம் குரல் எதுக்கு அவருக்கு என்று கேட்டேன். போகப் போகப் பேச வேண்டி வரலாம் என்றாள், சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்து, இங்கே இருந்து இதையெல்லாம் எப்படித்தான் தாங்குறாங்களோ என்று பெருமூச்சு விட்டாள். வறுமைக்கு இரங்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அன்று வரவில்லை, ஏனென்றால் அம்மா அவளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் ஆஸ்பத்திரி வாசல் கூட்டம். எனக்கு அப்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது, திங்கட்கிழமைக்குள் அம்மாவை அந்த இருக்கையிலிருந்து எழுப்பாவிட்டால் பிறகு வீட்டுக்கு வருகிறவள் வேறு யாரோ.

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், சண்டைக்கு எதிராளி வேண்டுமே. கடைசியில் சனிக்கிழமை பஸ் டிப்போவில் விடுப்புச் சொல்லிவிட்டு நானே போய் உட்காருகிற வேலைக்குப் பெயர் கொடுத்தேன். நகத்தில் இருக்கிற கிரீஸைப் பார்த்துவிட்டு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த கோட்டின் பையில் பாதி சப்பிய மிட்டாய் ஒன்று தாளில் சுற்றி இருந்தது. யாருடைய வாயோ. எறியவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பையிலேயே விட்டேன். விளக்கு மங்கியதும் எங்களை ஒரு பக்கக் கதவு வழியாக உள்ளே விட்டார்கள். எனக்கு ஒன்பதாவது வரிசை. உட்கார்ந்து கண் பழகியதும் பார்க்கிறேன், பக்கத்துத் தெருவில் செருப்புத் தைக்கிறவர், பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் காவலாளி, நம் டிப்போவில் போன ஆண்டு வேலையை விட்டு அனுப்பப்பட்ட நடத்துனர், வரிசை வரிசையாக நம் ஆட்கள், எல்லோரும் செத்தவர்களின் கோட்டுக்குள். நடத்துனரைப் பார்த்துக் கண்ணடித்தேன். பஸ்ஸில் நாள் முழுக்க ஒருவரையும் சும்மா விடாமல் கிண்டல் பேசியவர் அவர். என்னை ஊடுருவிக்கொண்டு மேடையைப் பார்த்தார். உயிரோடு இருக்கிற பணக்காரர்கள் அங்கங்கே இருமினார்கள், நெளிந்தார்கள், கிசுகிசுத்தார்கள், அதை வைத்துத்தான் யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. நம் ஆட்கள் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

மேடையில் ஒரு சலவைக்காரி. ஆமாம் வாலு, கதையில் அவள் துணி வெளுக்கிறவள். கை இரண்டும் பூப்போல இருந்தன. காசநோயில் சாகிறாள், முழுத் தொண்டையில், அரங்கத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி. நம் சலவைக்கூடத்தில் நீராவி குடித்து நுரையீரல் போன பெரியம்மா கடைசியில் ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் காட்டினாள். முன்வரிசையில் அழுகிறார்கள், முத்துமாலை போட்ட கழுத்துகள் குலுங்குகின்றன, இவர்களில் ஒருத்தர்தானே அந்த உருளை இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது ஒருத்தன், கதைப்படி அவளுடைய அப்பா, அடிக்குரலில் பாடத் தொடங்கினான். மொழி புரியவில்லை, ஆனால் அந்தக் குரல் தரை வழியாக வந்து காலில் ஏறியது. நன்றாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். நம்ம பாட்டு எழுந்து நில்லு என்று சொல்லும், அது இரு, அப்படியே இரு, உனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிற்று. அவன் முடித்தபோது என் கை தட்டிக்கொண்டிருந்தது, நான் தட்டவில்லை. கீழே பார்த்தேன், என் முதுகு நேராக இருந்தது, எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கிற என் வலது கால் ஆடவில்லை, முதுகு வலி இல்லை, வயிற்றெரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். நினைப்பு போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

இடைவேளையில் மாடத்துக் கைப்பிடியருகே அம்மாவைப் பார்த்தேன். சாம்பல் கோட்டு, பக்கத்தில் அந்தப் பெரியவர், கம்பைப் போல மெலிந்த மனிதர், அவர் கை இவள் முழங்கையின் கீழ். பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தாள், அதே கடைக்காரர் புன்னகை. எனக்கு வாயைத் திறந்து பேச வரவில்லை, நம்பு, சில வாரங்களில் அவளுக்கு நடந்தது எனக்கு ஒரே மாலையில் நடக்கிறதோ என்று பயந்தேன். கை மட்டும் என் கைதான். கைப்பிடிப் பித்தளையில் அவளுடைய இஸ்திரிப் பாட்டைத் தட்டினேன். பயத்தில் தட்டினேன், அதனால் எப்போதையும்விட மோசமாக ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பெரியவர் முகம் சுளித்தார். அம்மாவின் கையுறை விரல் ஒன்று கைப்பிடியில் எழுந்து தட்டிற்று. என்னைவிடத் தாமதமாக, சரியான இடத்தில். நான் மறுபடி ஓடினேன். விரல் மறுபடி இழுத்துப் பிடித்தது. மூன்றாவது முறை ஓடியபோது அவள் கழுத்தில் நரம்பு புடைத்தது, உள்ளே அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் ஒன்றாக வந்தது, அந்தப் பளிங்குக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற இருமல், இருமி முடித்துவிட்டு, ஏன்யா இப்படி ஓடுற, பஸ்ஸா போயிடப்போகுது என்றாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் என்னை யா போட்டுப் பேசுவாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் அவள் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். கோபப்படவில்லை, வருத்தப்படவில்லை. சற்றுத் தள்ளி நின்ற இருக்கைக்காரியைப் பார்த்து, இது அவள் இல்லை, வேற ஆள் போடுங்கள் என்றார், ஆறிப்போன காபியை மாற்றித் தரச் சொல்வதுபோல. கோட்டைக் கழற்றி அங்கேயே கொடுத்துவிட்டு, குளிரில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்தே வந்தாள். படியில் ஏறும்போது மூன்றாவது படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு ஓங்கி மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பாடினாள். குரல் பாதிதான் இருந்தது, மீதியைப் பெண்கள் பாடினார்கள். நிர்வாகி மாடி ஜன்னலை மூடினார், அடுத்த பாட்டுக்குத் திறந்தார், வருகிற செவ்வாய்க்கிழமை பேச்சுவார்த்தைக்கு அழைத்திருக்கிறார்கள். வேலை திரும்பக் கிடைத்தது என்று நான் உனக்கு எழுத முடியாது, இன்னும் கிடைக்கவில்லை. பின்பாட்டுக்குத் தையல்காரம்மா வரவில்லை. தைக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் வாரம் முழுக்கக் கீழே தையல் இயந்திரச் சத்தமே கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஒரு கார் போனது, உள்ளே பெரியவர், பக்கத்தில் சாம்பல் கோட்டு. அம்மாவின் உயரம், அம்மாவின் பருமன், அளவு எடுத்துத் தேடினதுபோல. சிவப்பு விளக்குக்குக் கார் நின்றபோது அம்மா ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். தையல்காரம்மா மெல்லத் திரும்பிப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை எனக்கு அடையாளம் தெரியும், இரண்டு பேர் முகத்தில் இருந்தாலும் அது ஒரே ஆளுடையது. அந்த வேலைக்குக் கேட்டதும் போய்விட்டாளே என்று அவளைக் குற்றம் சொல்லாதே, தைக்கத் துணி கொடுப்பவர்கள் குறைந்துபோய் எத்தனையோ நாளாகிறது, இப்போதெல்லாம் வாங்குகிறார்கள், கிழிந்தால் எறிகிறார்கள். இன்று பகல் காட்சி. அம்மா அவளை அழைத்து வரப் போயிருக்கிறாள். போகாதே, உன்னையே பிடித்துப் போட்டுக்கொண்டால் என்ன செய்வேன் என்று கதவை மறித்தேன். அந்தக் கோட்டை அவளுக்கு முன்னாடி போட்டுக்கிட்டவ நான், சூடு ஆறும் முன்னே அவளுக்கு மாட்டி விட்டிருக்கானுங்க, நான் போகாம வேற யாரு போறது, தள்ளுய்யா என்றாள். அந்த யாவை நம்பித்தான் விட்டேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன முறை போனில் நீ ஒன்று சொன்னாய். நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பெரிய அம்மா உன்னைத் தன் மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார், நானும் இதோ வந்துட்டேம்மான்னு போறேன்ப்பா, பழகிடுச்சு என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை அன்றிலிருந்து காதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வயதானவர்கள் பாவம்தான், அவர்கள் தனிமை பொய் இல்லை, அந்தப் பெரியவருடைய தனிமையும் பொய் இல்லை. ஆனால் தங்கள் வீட்டுக் காலி இடத்தை நிரப்ப நம் வீட்டிலிருந்து ஆளை எடுத்துக்கொள்கிறார்கள், நம் வீட்டில் விழுகிற காலி இடத்தைப் பற்றி யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. உன் கட்டிலில் டிரம் படுத்திருக்கிறது என்று வேடிக்கையாகத்தான் எழுதினேன்.

படியில் சத்தம் கேட்கிறது. இரண்டு பேர். அம்மா திட்டிக்கொண்டு வருகிறாள், மற்றவள் குரல் இல்லை. கதவைத் திறந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டார்கள். தையல்காரம்மா இப்போது மேசைக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, கோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நேராக இருக்கிறது. காட்சியின் நடுவில் அம்மா வரிசைக்குள் புகுந்து கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள், கூட்டம் உஸ் என்றதாம், பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அம்மா தேநீர் வைத்தாள், ஆறிவிட்டது. பாட்டைத் தப்பாகப் பாடிக் காட்டினாள், என் டிரம்மை எடுத்துக் கண்டபடி அடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை, எனக்குத்தான் தலைவலி. பாட்டில் தப்பு இவளுக்கு உறைக்காது போல. நான் எழுதிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் எழுதுகிற என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறாள், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். வெளிச்சம் குறைகிறது என்று அம்மா விளக்கைப் போட்டாள். வெளிச்சம் கோட்டின் கை மேல் விழுந்தது. தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். கோட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தாள், கோணலாக ஓடியிருந்த தையலைக் கட்டை விரலால் தடவினாள். முகம் மாறவில்லை, புன்னகை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பல்லால் ஒரு நூலைக் கடித்தாள். இழுத்தாள். இன்னொன்று. இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறாள், தையல் தையலாக, உடம்பிலிருந்து கழற்றாமலே. கோட்டின் வலது கை தோளிலிருந்து பிரிந்து தனியாக மேசையில் கிடக்கிறது. அம்மா ஒரு கத்தரிக்கோலை மெல்ல அவள் பக்கம் நகர்த்துகிறாள். அரங்கத்துக்காரர்கள் கோட்டைக் கேட்டு வருவார்கள். வரட்டும், துண்டு துண்டாகக் கொடுத்து அனுப்புகிறோம்.

நீ நோய் நொடி இல்லாமல், நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் கண்ணு, அப்பாவுடைய ஆசீர்வாதமும் அம்மாவுடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே. அந்த அம்மா நாளைக் காலையில் வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது போ, மருந்தைக் கொடு, தலையணையைச் சரி செய், வேலையில் குறை வைக்காதே, ஆனால் முதலில் உன் பெயரைச் சத்தமாக ஒரு தடவை சொல்லிவிட்டுச் செய். அவர் கேட்க வேண்டும் என்பதில்லை. நீ கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெயரைத் தேடித் தேடி வைத்த
அப்பா